ஆரோக்கியத்தின் எஞ்சினும் என் பதினோரு பக்க அறிக்கையும்

பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு நோய் உண்டு. எதைப் பற்றியாவது அரைப் பக்கம் எழுதிவிட்டால், அது தங்களுக்குத் தெரியும் என்று நம்பத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அந்த நோய் முற்றியது முப்பத்தாறு வயதில். ஞாயிறு இணைப்பில் வாகனப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது ரோட்டரி எஞ்சின் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அதில் பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவக் கூட்டுக்குள் முக்கோணமாக ஓர் இரும்பு சுற்றும். அதன் மூன்று முனைகளிலும் இருக்கும் மெல்லிய சீல்கள்தான் எஞ்சினின் உயிர். படமும் போட்டோம். படம் தலைகீழாக அச்சானது. யாரும் கண்டுபிடிக்கவில்லை (நான் உட்பட).

அந்தப் பக்கத்தை என் தங்கை பிலோமி வெட்டி, வில்லியனூரில் தன் கணவர் ஆரோக்கியத்தின் பட்டறைச் சுவரில் ஒட்டினாள். வினை அங்கே தொடங்கியது.

ஆரோக்கியம் டிராக்டர் மெக்கானிக். பேச்சு குறைவு, கை சுத்தம். அதை நம்பித்தான் பாண்டியில் இருந்து பாஸ்கர் என்பவர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய ரோட்டரி எஞ்சினோடு தன் பந்தயக் காரை அவரிடம் விட்டிருந்தார். எஞ்சினைப் பிரித்து, புது சீல் போட்டு, பந்தயத்துக்குத் தயார் செய்ய வேண்டும். அது நின்று ஓடினால் பாஸ்கரின் மற்ற இரண்டு கார்களும் வில்லியனூருக்கு வரும். ஓடாவிட்டால் மூன்றும் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றுக்குப் போகும். ஆரோக்கியம் ஏற்கெனவே பாதி டிராக்டர் வேலையை விட்டிருந்தார்.

நான் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆலோசகராகப் போய்ச் சேர்ந்தேன் (யாரும் அழைக்கவில்லை).

முதல் நாளே ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொன்னேன்.

"எதுக்கு மச்சான்?" என்றார் ஆரோக்கியம்.

"ரேஸ் வண்டிக்கு காத்து தடையில்லாம போகணும் மாப்ள. வெறும் வலை போதும்."

"எங்க படிச்சீங்க?"

"செவுத்துல ஒட்டியிருக்கே, அதுலயே இருக்கு."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபில்டரைக் கழற்றி வைத்தார். முன்பக்க பம்பருக்குக் கீழே, காற்று இழுக்கும் குழாயின் வாயில் கோழிக்கூண்டு வலையை வெட்டிக் கட்டினோம்.

அடுத்து, ஓட்டிப் பார்க்க நேரான சாலை வேண்டும். அதையும் நானே பிடித்தேன். பாகூர்ப் பக்கம், ஏரியை ஒட்டிய சாலை. அது உளுந்து அறுவடைக் காலம். பிடுங்கிக் காயவைத்த செடிகளைச் சாலை நெடுகப் பரப்பியிருந்தார்கள். அதற்குச் சொந்தக்காரர் தனலட்சுமி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். நான் பேட்டி எடுக்கும் குரலில் பேச்சுவார்த்தை தொடங்கினேன்.

"இந்த ரோட்டுல ரெண்டு நாள் கார் ஓட்டிப் பாக்கணும்மா. செடியை எடுக்க முடியுமா?"

"எடுக்கறதா? வண்டி ஏறி உளுந்து உதிரணும்னுதான்பா போட்டு வெச்சிருக்கேன். நீ பாட்டுக்கு ஓட்டு."

இரு தரப்புக்கும் நன்மை தரும் உடன்பாடு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு நாள் கார் பறந்தது. ஆரோக்கியம் ஓட்டினார், நான் நேரம் குறித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் தென்னைமர உயரத்துக்குத் தூசியும் தொலியும் எழும்பின. தனலட்சுமிக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"டிராக்டர் எல்லாம் இதுங்கிட்ட பிச்ச வாங்கணும். இன்னும் ரெண்டு கட்டு போடறேன், இன்னொருவாட்டி போய்ட்டு வரச் சொல்லுப்பா."

போகச் சொன்னேன்.

அன்றைய என் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு வரி: "மாலை 4.20. வறுத்த உளுந்து வாசனை. அருகில் யார் வீட்டிலோ சமையல்." அருகில் வீடே கிடையாது. அந்த வாசனை காருக்குள்ளிருந்து வந்தது.

மூன்றாம் நாள் எஞ்சினில் இழுவை இல்லை. சூடான பிறகு அணைத்தால் திரும்பக் கிளம்பவில்லை. டர்போவைக் காரிலேயே விட்டு எஞ்சினை மட்டும் இறக்கிப் பிரித்துப் பார்த்தால், ஒரு பந்தயக் காலம் முழுக்க உழைக்க வேண்டிய சீல்கள் மூன்றே நாளில் தேய்ந்திருந்தன. பாஸ்கர் போனில் அமைதியாகப் பேசினார். "ஞாயித்துக்கிழமை வரேன். காரணம் தெரிஞ்சா பேசுவோம். தெரியலைனா லாரியில ஏத்திக்கிறேன்."

ஆரோக்கியம் அன்று சாப்பிடவில்லை. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஞாயிறுக்குள் குற்றவாளியைப் பிடித்தாக வேண்டும். காரைச் சுற்றிக் கயிறு கட்டி, 'விசாரணை முடியும்வரை தொடாதீர்கள்' என்று அட்டை தொங்கவிட்டேன். பெட்ரோல் பங்குக்குப் போய் விசாரித்தேன், மாதிரியைப் பாட்டிலில் பிடித்தேன். ஆயில் டப்பாவில் இருந்த எழுத்தையெல்லாம் நகலெடுத்தேன். சென்னையில் லேப்டாப் வைத்து எஞ்சினுக்கு டியூனிங் செய்து கொடுத்தவரை மூன்று முறை போனில் குறுக்கு விசாரணை செய்தேன். நான்காவது முறை அவர் எடுக்கவில்லை. "பதிலளிக்க மறுத்துவிட்டார்" என்று எழுதினேன்.

"அண்ணே, செத்த உக்காருண்ணே," என்றாள் பிலோமி. "நீ நடக்குற நடையில நட்டு போல்ட்டெல்லாம் உருண்டு ஓடுது."

வெள்ளிக்கிழமை ஆரோக்கியம் மெதுவாக வந்தார். கையில் எஞ்சின் கூட்டின் ஒரு பாகம்.

"மச்சான், கீறல பாருங்க. எல்லாம் ஒரே மாரி. உள்ள தப்பா வெடிச்சிருந்தா சீல் ஒடஞ்சிருக்கும். இது ஒடையல, மண்ணு போட்டுத் தேச்ச மாரி தேஞ்சிருக்கு. அந்தக் காத்து பைப்ப ஒருவாட்டி கழட்டிப் பாத்துடலாமா?"

"அவசரப்படாதீங்க மாப்ள. இன்னும் ரெண்டு பேர் வாக்குமூலம் பாக்கி இருக்கு."

ஞாயிறு பூசை முடிந்து வந்தோம். லாரி வாசலில் நின்றிருந்தது, டிரைவர் கயிறுகளைக்கூட எடுத்து வைத்துவிட்டார். பாஸ்கர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அறிக்கையை வாசித்தேன். பதினோரு பக்கம். எரிபொருளின் தரம், ஆயிலின் கலவை, டர்போவின் அழுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் துணைத்தலைப்பு. சென்னை டியூனிங்காரரின் தொழில் தர்மம் பற்றிய ஏழாம் பக்கத்தில் நான் இருந்தபோது, பாஸ்கர் எழுந்து போய், என் கயிற்றைத் தாண்டி, ஸ்பேனர் எடுத்து, டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றினார்.

குழாயின் வளைவில் கை விட்டார். கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பிடி தொலி வந்தது. குழாயைக் கவிழ்த்தார். சிமென்ட் தரையில் சலசலவென்று கொட்டியது.

பிலோமி குனிந்து ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். "உளுந்து," என்றாள். "நல்ல முத்துன உளுந்து."

டர்போவின் இறக்கைகள் எலி கடித்தது போலிருந்தன.

"ஃபில்டர் எங்க?" என்று கேட்டார் பாஸ்கர்.

ஆரோக்கியம் தரையைப் பார்த்தார். "கழட்டிட்டேன் சார். என் தப்புதான்."

பட்டறை போகப் போகிறது, அப்போதும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அறிக்கையை மடித்தேன். நாலு பக்கம் மிச்சம் இருந்தது.

"நான்தான் கழட்டச் சொன்னேன்," என்றேன். "அந்த ரோட்டையும் நான்தான் பிடிச்சேன். உளுந்து போட்டதும் தெரியும். இன்னொரு சுத்து போகச் சொன்னதும் நான்தான்."

பாஸ்கர் என்னிடமிருந்து அறிக்கையை வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கம்வரை பார்த்தார்.

"இதுல எல்லாரும் இருக்காங்க. பெட்ரோல் போட்ட பையன்கூட இருக்கான். நீங்க மட்டும் இல்லையே சார்."

பிறகு ஆரோக்கியத்திடம் திரும்பினார். "நீ இன்னாப்பா நெனச்ச?"

"கீறலப் பாத்ததுமே தூசின்னு தோணுச்சி சார். பைப்ப கழட்டணும்னு இருந்தேன். மச்சான் விசாரிச்சினு இருந்தாரு."

பாஸ்கர் கீறல் விழுந்த பாகத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் வாசலைப் பார்த்து லாரியைப் போகச் சொன்னார். அந்தப் பந்தயம் போயிற்று. ஆனால் தேய்மானத்தைப் பார்த்தே காரணம் கண்டுபிடித்த கை என்று, மூன்று கார்களும் இன்றுவரை ஆரோக்கியத்திடம்தான் இருக்கின்றன. ஒரே நிபந்தனை, வேலை நடக்கும்போது மச்சான் பட்டறைக்குள் வரக் கூடாது. இப்போது போனால் பிலோமி எனக்குத் தெருவின் எதிர்ச்சாரியில் நாற்காலி போடுகிறாள். டீ அங்கேயே வந்துவிடும்.

போன வருஷம் எனக்குத் தோள்பட்டை வலி. பிலோமிதான் டாக்டரிடம் கூட்டிப் போனாள். பனி, பஸ் சீட், புதுத் தலையணை என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், அதையெல்லாம் எழுதிக்காதீங்க," என்றாள் பிலோமி. "இவரு இன்னா பண்ணாருன்னு மட்டும் கேளுங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். முந்தின நாள் யாரையும் கூப்பிடாமல் நானே மாடித் தண்ணீர்த் தொட்டியை நகர்த்தியதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

வெளியே வந்ததும் அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். "ஒத்துக்கினாருங்க," என்றாள்.

மறுமுனையில் ஆரோக்கியத்தின் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"எத்தினியாவது பக்கத்துல?"