ஈசிஜி சித்தரின் சிவப்பு நோட்டு

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டால் அனுமந்தன்பட்டியில் பஸ் ஆளை இறக்குவதில்லை, கொட்டும். இறங்குகிறவர்களில் பாதிப்பேர் கையில் சுருட்டி வைத்த ஈசிஜி தாள் இருக்கும். குமுளியிலிருந்து ஜீப் பிடித்து மலையாளிகளும் வருவார்கள். எல்லாரும் போவது ஒரே இடத்துக்குத்தான். பழைய டயர் கடையை இடித்துக் கட்டிய 'இருதய ஞான பீடம்'.

உள்ளே ஈசிஜி சித்தர் பாண்டீஸ்வரன் உட்கார்ந்திருப்பார். ஐந்து வருசத்துக்கு முன்னால்வரை டிவி ரிப்பேர் பார்த்தவர். கோடு கோடாக ஓடுவதைப் பார்த்துப் பழக்கம் உண்டு. இப்போது வேட்டிமேல் வெள்ளைக் கோட்டு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப், அதன் வட்டத்தில் குங்குமப் பொட்டு. தாளை விளக்கு வெளிச்சத்தில் ஏடு மாதிரி பிடித்து, ராகம் போட்டுப் படிப்பார். நெஞ்சு ஆப்பரேசனுக்குப் போகிறவர் பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவார். காணிக்கை தாளின் நீளத்தைப் பொறுத்தது. இருதயம் எவ்வளவு துடித்திருக்கிறதோ அவ்வளவு காசு.

அவர் வாக்கு இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு.

அந்தப் பேச்சு ஓடைப்பட்டி சோணையம்மாள் காதிலும் விழுந்தது. விழுந்த நேரம் அப்படி. அவள் வீட்டுக்காரர் விஜயபாண்டிக்கு நெஞ்சுக்குள் இருக்கிற பெரிய ரத்தக்குழாயில் வீக்கம் என்று மதுரையில் ஸ்கேன் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். அந்த டாக்டர் பொறுமைசாலி. "உங்க திராட்சைத் தோட்டத்துல சொட்டுநீர்க் குழாய் ஒரு இடத்துல பலூன் மாதிரி ஊதிருச்சுன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"அந்தத் துண்டை வெட்டிட்டு வேற போடுவோம்," என்றார் விஜயபாண்டி.

"நாங்களும் அதைத்தான் செய்யப்போறோம். உங்க மாதிரி இருக்கறவங்கள்ல நூத்துக்கு நாலு பேருக்கு ஆபத்து வரலாம். செய்யாம விட்டா அதைவிட ஆபத்து. பத்து நாளைக்குள்ள வந்துருங்க."

சோணையம்மாள் கேட்டாள்: "அந்த நாலு பேர்ல இவுக இருக்காகளா, இல்லையா?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

இவ்வளவு படித்த மனுசனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தாள். ஊர் திரும்புகிற பஸ்ஸில் முன்சீட்டிலிருந்து ஆட்களை எண்ணிக்கொண்டே வந்தாள். எந்த நாலு பேராக இருக்கும் என்று ஒவ்வொரு பின்னந்தலையாகப் பார்த்தாள். கடைசியில் பார்வை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்மேல் வந்து நின்றது. அந்தச் செவ்வாய்க்கிழமையே, மதுரையில் எடுத்த ஈசிஜி தாளோடு அனுமந்தன்பட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

மகள் கயல் தேனியில் கணக்கு டீச்சர். "அம்மா, வீக்கம் தெரிஞ்சது ஸ்கேன்ல. அந்தாளு படிக்கிறது ஈசிஜி," என்று போனில் சொல்லிப் பார்த்தாள். சோணையம்மாள் போனை வைத்துவிட்டாள்.

வரிசையில் அவளுக்கு முன்னால் உத்தமபாளையத்து ஜெய்த்தூன் பீவி நின்றிருந்தாள். தம்பியின் தாளைக் கொண்டுவந்திருந்தாள்.

"நம்பிக்கையாப் போ தாயி," என்றாள் ஜெய்த்தூன் பீவி. "எங்க வீட்டுக்காரரு கலீல் ரஹ்மானுக்கு வால்வு ஆப்பரேசன். பொழைச்சு வருவாகன்னுதான் இவரு சொன்னாக. ஆனா மவுத்தாயிட்டாக, உசுரு நிக்கல. நான் வந்து இங்கன நின்னு அழுதேன். அப்ப அந்தச் சிவப்பு நோட்டைத் தொறந்து காட்டினாக. பிழைக்க மாட்டார்னு அன்னைக்கே எழுதி வச்சிருந்தாக. உங்க மொகத்தைப் பாத்துச் சொல்ல மனசு வரலம்மான்னு இவரும் சேந்து அழுதாக."

சோணையம்மாளுக்குப் புல்லரித்தது. டாக்டருக்குத் தெரியாததை எழுதியே வைத்திருக்கிறாரே.

அவள் முறை வந்தது. சித்தர் தாளை ராகத்தோடு படித்து முடித்தார். "பொழைச்சு வருவாரு. ஆனா ரெண்டு பௌர்ணமி போகட்டும். அதுவரைக்கும் வாரா வாரம் வந்து பரிகாரம் செய்யணும்." பிறகு சிவப்பு நோட்டை எடுத்து, இடதுகையால் மறைத்துக்கொண்டு ஏதோ எழுதினார். மூடிக் கயிறு சுற்றிப் பீரோவில் வைத்தார்.

தேனியிலிருந்து மகளும் வந்திருக்க, அன்று வீட்டில் பெரிய சண்டை. ரெண்டு பௌர்ணமி என்றாள் தாய். பத்து நாள் என்றாள் மகள். விஜயபாண்டிக்கும் பயம்தான். தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "பழம் வெடிக்கிற பக்குவத்துல நிக்கும்போது பௌர்ணமிக்காக நான் அறுப்பை நிறுத்துனதில்ல. மதுரைக்கே போவோம்."

ஆப்பரேசன் ஆறு மணி நேரம் நடந்தது. வராந்தா பெஞ்சில் சோணையம்மாள் மகள் கையை விடவேயில்லை. டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சது," என்றபோதுதான் விட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து விஜயபாண்டி மெல்லத் தோட்டம்வரை நடக்க ஆரம்பித்தார். சோணையம்மாள் ஒரு பெட்டி திராட்சை கட்டினாள், சித்தருக்கு.

"போவோம். நானும் வாரேன்," என்றாள் கயல். "ஆனா ஒண்ணு. அந்தம்மாவுக்குக் காட்டுன மாதிரி நமக்கும் நோட்டைக் காட்டச் சொல்லு. பொழைப்பாகன்னு எழுதியிருந்தா நான் அவரு கால்ல விழுறேன்."

மகள் காலில் விழுவதைப் பார்க்கவேண்டும் என்று சோணையம்மாளுக்கும் ஆசையாக இருந்தது.

அன்றைக்கும் கூட்டம் நெரிந்தது. வரிசையில் முதல் ஆளாக ஜெய்த்தூன் பீவி இருந்தாள். அவள் தம்பிக்கு எட்டாவது வாரப் பரிகாரம், தாளைச் சித்தர் மடியில் வைத்திருந்தார். சித்தர் திராட்சையை வாங்கிக்கொண்டு, விஜயபாண்டியைக் கூட்டத்துக்குக் காட்டி, "பாத்தீங்களா என் வாக்கை," என்றார். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

"சாமி, எங்க பக்கத்தை ஒருக்கா காட்டுங்க," என்றாள் சோணையம்மாள். "கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டணும்."

சித்தரின் முகம் சுருங்கியது. "உசுரோட இருக்கவுக பக்கத்தைத் தொறக்கக் கூடாதும்மா. ஆயுசு கொறையும்."

"டாக்டரு என் நெஞ்சையே தொறந்து மூடிட்டாரு," என்றார் விஜயபாண்டி. "நோட்டைத் தொறந்தா என்னய்யா ஆகிரும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சித்தர் கோட்டுப் பையில் சாவியைத் தேடுவதுபோல் நேரம் கடத்தினார். சாவி பீரோவிலேயே தொங்கியது. ஜெய்த்தூன் பீவி பீரோவைத் திறந்து, நோட்டை எடுத்துக் கயல் கையில் கொடுத்தாள்.

கயல் கயிற்றைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். "விஜயபாண்டி, ஓடைப்பட்டி. பிழைக்க மாட்டார்."

விஜயபாண்டி தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கயல் அதற்கு முந்தின பக்கங்களுக்குத் திருப்பினாள். "பால்பாண்டி, சின்னமனூர். பிழைக்க மாட்டார்."

மாலையும் பழத்தட்டுமாக நின்ற ஒரு கனத்த ஆள் கையைத் தூக்கினார். "நான்தாம்மா அது. போன வருசம் பைபாஸ். நான் செத்துப்போனது என் வீட்டுல யாருக்கும் தெரியாதே."

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். எந்தப் பக்கத்திலும் ஒருத்தர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களில் ஆறு பேர் அங்கேயே கூட்டத்தில் நின்று பிரசாதச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள்.

"பரிகாரத்தால விதி மாறிருச்சு," என்றார் சித்தர்.

"எங்களுக்கும் செஞ்சீகளே," என்றாள் ஜெய்த்தூன் பீவி.

கயல் வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாள்: "வாயால எல்லாருக்கும் பொழைப்பாகன்னு சொல்றது. நோட்டுல எல்லாருக்கும் மாட்டாகன்னு எழுதறது. பொழைச்சவுக பழத்தட்டோட வருவாக, நோட்டைக் கேக்க மாட்டாக. செத்தவுக வீட்டாளு வந்தா மட்டும் நோட்டைத் தொறக்கறது. டாக்டரு கைல நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேர் பொழைக்கிறாக. அந்தப் பெருமையும் இவருக்கு, மிச்ச நாலு பேரு செத்தா நோட்டுல சரியா எழுதுன பெருமையும் இவருக்கு."

கூட்டம் இரைந்தது. ஜெய்த்தூன் பீவி இரையவில்லை. சித்தருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்களுக்கும் ரெண்டு பௌர்ணமின்னு சொன்னியே. அதுக்குள்ள அவுகளுக்கு மூச்சு விடவே முடியாமப் போச்சு. முன்னாடியே வந்திருக்கலாம்னு டாக்டரு சொன்னாரு. நோட்டுல எழுதியிருந்ததைப் பாத்துட்டு, வந்திருந்தாலும் போயிருப்பாகன்னு நான் மனசைத் தேத்திக்கிட்டேன். அந்தப் பௌர்ணமி எதுக்கு?"

சித்தர் பின்வாசலைப் பார்த்தார். எட்டு வாரம் வந்தால் எட்டுக் காணிக்கை என்பதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அவள் அவர் மடியிலிருந்த தம்பியின் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "நாளைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்று சோணையம்மாளிடம் சொன்னாள். போகிற வழியில் போலீஸ் ஸ்டேசனில் எழுதியும் கொடுத்தாள். அதற்குள் சித்தர் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார், ஸ்டெதஸ்கோப்பைக்கூடக் கழற்றாமல்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் பஸ் கொட்டியது. பூட்டிய கதவுக்கு முன்னால் தாளும் கையுமாகப் பத்துப் பதினைந்து பேர் நின்று, "வேற யாரு இந்த மாதிரி பாக்கிறாக?" என்று டீக்கடையில் விசாரித்தார்கள். ஈசிஜி எடுத்தால் இருதயம் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். மூளை ஓடுகிறதா என்று அவரவர்தான் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.