சிவப்புப் படகில் கற்பூரம்

படகு வாங்கப் போகிறவர்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. அதிலும் எல்லாம் தெரிந்த மனைவியை. நான் எல்லாம் தெரிந்தவள். (பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி, அது வேறு கதை.)

அப்போது நோர்வேயில், ஒஸ்லோவின் விளிம்பில் இருக்கிற ஹவுகெட்டோவில் இருந்தோம். என் வீட்டுக்காரர் நகரத்துக்கு வேலைக்கு ரயிலில் போய்வருவார். கடல் தெரிகிற பக்கம் யன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த ரயிலுக்கு நிற்கிற மனுசன். சொந்தப் படகில் இருந்து தூண்டில் போடுவதுதான் அவருடைய ஒரே ஆசை. அவர் வேலையை விட்ட வருடம் நானும் இறங்கி வந்தேன். ஆனால் படகை நான்தான் தெரிவு செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏரிக்கரைக் கடைக்காரர் இரண்டு படகுகளைத் தண்ணீரில் விட்டுக் காட்டினார். ஒன்று சாம்பல் நிறம், அகலம், தட்டை. நாணலுக்குள் போய்ச் சின்ன மீனும் பிடிக்கலாம், எழும்பி நின்று வீசிப் பல்லுக்காரப் பெரிய மீனும் பிடிக்கலாமாம். மற்றது சிவப்பு. ஒடுங்கல். மூக்கும் முழியுமாக இருந்தது.

"இஞ்சாருங்கோ, அது மாட்டுத்தொட்டி மாதிரிக் கிடக்கு. சிவப்பை எடுங்கோ."

"ரெண்டு மீனுக்கும் ஒரு படகு வேணுமப்பா. சிவப்பிலை எழும்பி நிக்கேலாதாம்."

"ஆர் சொன்னது?"

"விக்கிற ஆள்தான்."

"அந்தாளுக்கு என்ன தெரியும்?"

சாம்பல் படகை ஒருதரம் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அந்தச் "சரி"யை நினைத்தால் இப்போதும் நெஞ்சு குத்தும்.

சிவப்பில் ஏறி ஓடிப் பார்த்தோம். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முதல் புது வாகனத்துக்குக் கற்பூரம் காட்ட வேண்டாமா? (எலுமிச்சம்பழமும் கொண்டுபோனேன். ஏறி நசிக்கப் படகுக்குச் சில்லு இல்லை.) கற்பூரத்தைக் கொளுத்தி, தட்டோடு எழும்பி, படகின் மூக்குக்கு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"இரும்! ஐயோ, கீழை இருமப்பா!" என்று இவர் கத்தினார்.

தட்டு, கற்பூரம், சேலை, நான், அவர் எல்லாரும் ஏரிக்குள். நல்லகாலம், இடுப்பளவு தண்ணீர். கரையில் கடைக்காரர் வாயில் கையை வைத்தபடி நின்றார். இவரோ பல்லுக் கிடுகிடுக்கச் சிரிக்கிறார். அப்படிச் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை.

ஈரச் சேலையோடு என்னைச் சாம்பல் படகில் ஏற்றினார். "இப்ப எழும்பி நில்லும் பாப்பம்." நின்றேன். அது அசையவேயில்லை. அதையே வாங்கினோம்.

சில கோடைகள்தான் அதில் போனார்.

இப்போதும் பிள்ளைகள் சோபா வாங்கினாலும் கார் வாங்கினாலும், "முதல்ல அம்மா ஏறி நிண்டு பாக்கட்டும்" என்பார்கள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் அவர் சிரிப்பு மட்டும் இல்லை. அதை ஒருக்கால் கேட்கலாம் என்றால், இந்த வயதிலும் அந்தக் குளிர் தண்ணீரில் இன்னொரு தரம் விழ நான் ஆயத்தம்.