ஒலிபெருக்கியில் என் குதிகால்

இந்த ஏப்ரல் ஓட்டத்தில் நஜீபை முந்தாமல் விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். சபதம் எடுத்தபோது எனது இடது கால் இரண்டு தலையணைகளின் மேல் படுத்திருந்தது.

நான் காமில். யட்டியாந்தோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். நஜீப் எதிர்க்கடை. புத்தாண்டுக்குக் கடைக்காரர்களுக்கென்று ஒரு ஓட்டம் வைப்பார்கள். வருடா வருடம் நஜீபின் முதுகைப் பார்த்தபடியே ஓடுவேன். அந்த முதுகை ஆயிரம் முதுகுக்குள் வைத்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.

அதனால்தான் றப்பர் தோட்டத்து ரோட்டில் விடியற்காலைப் பயிற்சி தொடங்கினேன். ஒருநாள் குதிகாலில் 'டப்' என்று ஒரு அடி. எவனோ கல்லெறிந்துவிட்டான் என்று திரும்பி, தமிழிலும் சிங்களத்திலும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பின்னால் ஒரு மாடு மட்டும் நின்றது. அது அவமானப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

அடுத்த அடி வைக்க முடியாமல் விழுந்த என்னை ரோட்டில் போனவர்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். சுளுக்கு என்று நினைத்துப் போனால், டாக்டர் குதிகால் தசைநார் அறுந்துவிட்டது என்றார். மூன்று மாதம் ஓட்டம் கிடையாது, அவசரப்பட்டால் ஆயுள் முழுக்க நொண்டல் என்றார். கட்டுப் போட்டு, கட்டு அவிழ்த்து, பிறகு முழங்கால் வரை ஒரு பெரிய பூட்ஸை மாட்டிவிட்டார்கள்.

சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. மின்விசிறியோடு சண்டை பிடித்தேன். கட்டிலில் இருந்தபடியே கறிக்கு உப்புப் போடுவதை மேற்பார்வை செய்தேன். நல்ல கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டே இருந்தது.

"அந்தக் காலையும் கட்டிப் போடவா?" என்றாள் என் மனைவி ஸுலைஹா.

"ஏலாது புள்ள. உள்ளுக்குள்ள என்னமோ ஓடுது."

"உள்ளுக்குள்ள ஓடட்டும். வெளிய ஓடாம ஈந்தா சரி."

"டாக்டர்மார் எல்லாத்தையும் கூட்டித்தான் செல்லுவாங்க."

"பில்லையும் கூட்டித்தான் போட்டாங்க. அதக் குறைக்கச் சென்னீங்களா?"

வாயால் வெல்ல முடியாத இடத்தில் மூளையைப் பாவிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிறேன் என்றால் எந்த மனைவி தடுப்பாள்? தொழுகை முடிந்ததும் கூட்டாளி முக்தாரின் திரீவீல் ஆட்டோவில் நேரே விளையாட்டு மைதானம். பூட்ஸைக் கழற்றி, ஓடுகிற சப்பாத்தை மாட்டி, மெதுவாக ஒரு சுற்று. சப்பாத்தை வியாழக்கிழமையே முக்தாரிடம் ரகசியமாகக் கொடுத்தனுப்பினேன்.

"நாளைக்கு ஜும்ஆக்குப் போகணும் புள்ள. மனசு கேக்குதில்ல."

"போங்க," என்றாள் ஸுலைஹா. சாரத்தை அயர்ன் பண்ணி, தொப்பியையும் எடுத்து வைத்தாள். இவ்வளவு நல்ல பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

தொழுகை முடிந்தது. மெல்ல எழும்பினேன். மௌலவி மைக்கைப் பிடித்தார்.

"நோயாளிகளுக்காகத் துஆச் செய்வோம். நம்மட காமில் நாநாவோட குதிகாலுக்கு அல்லாஹ் ஷிபாவ, சுகத்தக் குடுக்கணும். அவர் ஓடக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் செல்லீக்கிறார். எங்கயாவது ஓடுறதக் கண்டா, உடனே பிடிச்சி வீட்டுல ஒப்படைக்கும்படி அவங்கட வீட்டுக்காரங்க கேட்டீக்கிறாங்க."

சபை முழுக்க "ஆமீன்" என்றது. எல்லோருக்கும் விளங்கட்டும் என்று அதையே சிங்களத்திலும் ஒருமுறை சொன்னார். ஒலிபெருக்கி கடைவீதியைப் பார்த்து இருக்கிறது.

வாசலுக்கு வந்தேன். முக்தார் சப்பாத்துப் பையை என் கையில் திணித்தான்.

"மைதானத்துக்கு ஏலா நாநா. பெரிய பாவம். வீட்டுக்குன்னா ஏறுங்க."

எதிரே வெற்றிலை விற்கும் மெனிக்கே கையை ஆட்டிக் கத்தினாள்: "முதலாளி, துவன்ன எபா!" ஓட வேண்டாமாம். பஸ் கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு அதையே சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். ஒற்றைக் காலில்தான்.

"ஊரே சிரிக்குது! ஒனக்கு யாரு செல்லித் தந்த?"

"பள்ளிக்குப் போற மனிசனுக்குச் செருப்புப் போதும். உங்கட சப்பாத்த நேத்தே காணல்ல," என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அண்டைக்கு உங்களத் தூக்கிட்டு வந்தப்ப எனக்கு உசிரே போச்சு. அந்தக் கால் உங்களுக்கு மட்டுமா சொந்தம்?"

நிஜமாகவே பயந்திருக்கிறாள். கையைப் பிடித்து, "சரி, ஓடல்ல. ஆனா ஓட்டத்துக்குப் பேர் குடுத்துட்டேனே, நஜீப் என்ன நினைப்பான்?" என்றேன்.

"அத நான் கடைக்காரர் சங்கத்துல செல்லி மாத்திட்டேன். நீங்க ஓட வேணாம், பரிசு குடுத்தாப் போதும். மொதப் பரிசு நம்மட கடையால ஒரு மூட்டை சம்பா அரிசி."

நஜீப் இப்போது ஓடிப் பழகுவதை விட்டுவிட்டு, மூட்டை தூக்கிப் பழகுகிறானாம்.