லவோன் அக்காவுக்கு, குத்தகை நோட்டீஸ் விஷயமாக

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து, லவோன் அக்காவுக்குத் தம்பி ஆர்லோ எழுதுவது.

இங்கே அயோவாவில் நானும் மார்லிசும் சௌக்கியம். ஆபரேஷன் செய்த என் முழங்கால் மட்டும் மழைக்கு முந்திய நாளெல்லாம் சௌக்கியமில்லை. அங்கே அரிசோனாவில் நீயும் அத்தானும் உங்கள் வாசலில் நிற்கும் கள்ளிச்செடிகளும் சௌக்கியம் என்றே நம்புகிறேன்.

அக்கா, நீ சொன்னதுதான் சரி. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மீதிக் கடிதத்தை நீ கோபமில்லாமல் படிப்பாய் என்று மார்லிஸ் சொன்னாள். அப்பா நம் இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன நிலத்தை என் மகள் டார்சியிடமிருந்து திருப்பி வாங்கி, ரோஜர் ஹுல்ஷாஃபுக்குக் குத்தகைக்கு விடுவதுதான் புத்திசாலித்தனம். நீ அனுப்பிய நோட்டீசில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். செப்டம்பர் முதல் தேதிக்குள் அது டார்சி கைக்குப் போகாவிட்டால் பழைய குத்தகை தானாக இன்னொரு வருஷம் ஓடும் என்று நீ சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்ததையும் பார்த்தேன். இன்றே தபாலில் போடுகிறேன். நீயும் கையெழுத்துப் போட்டு அவளுக்கு அனுப்பிவிடு. அவள் பல் டாக்டர் ஆபீசில் விட்டுவிட்டு வந்த வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம்.

நான் ஏன் உன் பக்கம் சாய்ந்தேன் என்று நீ கேட்கமாட்டாய். நான் சொல்லாமல் விடமாட்டேன். எல்லாம் அந்த எலக்‌ஷனில் ஆரம்பித்தது. நம் மாவட்டத்து மண்-நீர் பாதுகாப்பு வாரியத்தை நீ மறந்திருக்கமாட்டாய், நாம் மண்ணாபீஸ் என்போமே, அப்பா மரக்கன்று வாங்கப் போவாரே, அதேதான். அதன் கமிஷனர் பதவிக்குப் போன நவம்பரில் ஒருத்தரும் நிற்கவில்லை. சம்பளம் கிடையாது, மாசா மாசம் கூட்டம், யார் நிற்பார்கள்? தானியக் கிடங்கில் என்னோடு காப்பி குடிக்கும் கும்பல் இருக்கிறதே, அவர்கள் ரோஜர் தலைமையில் போய் ஓட்டுச் சீட்டில் கையாலேயே என் பெயரை எழுதிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். விளையாட்டுக்கு! அதிலேயே நான் ஜெயித்துவிட்டேன். மறுநாள் காலை காப்பிக் கோப்பையோடு எல்லாரும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்கள். "ஏம்ப்பா ஆர்லோ, நாப்பது வருசமா உழுது உழுது மண்ணைக் கிளறினவன் நீதான். அதைக் காப்பாத்துற பொறுப்பும் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றான் ரோஜர். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம் என்று ஆபீசுக்குப் போனால், அங்கே ஆபீசை நடத்தும் ஜோலீன் கேக் வெட்டக் காத்திருந்தாள். கேக்கைத் தின்றுவிட்டு எப்படி வேண்டாம் என்பது?

அந்த ஆபீசில் டார்சி காலையில் போனால் மத்தியானம்தான் வருவாள். நிலத்தை உழாதே, சோளத்தட்டையை அப்படியே கிடக்க விடு, குளிர்காலத்துக்கு முன்னால் ரைப் பயிரை விதைத்து மண்ணை மூடி வை என்று ஜோலீன் சொல்லச் சொல்ல இவள் செய்தாள். விளைவு, மே மாதம் நம் கிழக்கு நிலம் இடுப்புயரம் பச்சையாக நின்றது. அதற்குள்ளேயே சோயாவை விதைத்தாள். உனக்கே தெரியும், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இங்கே எல்லாரும் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு யார் நிலம் எப்படி இருக்கிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். தார் போட்டது மாதிரி கறுப்பாக, ஒரு தட்டை இல்லாமல் கிடந்தால்தான் மரியாதை. பாதிரியார் காரை நிறுத்தி, "வீட்டுல யாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "ஆடு வளக்கப் போறாளா?" என்று ரோஜர் கேட்டான். நான் வெட்கப்பட்டேன் அக்கா, மறைப்பானேன். அதனால்தான் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் என் சொந்த மேற்கு நிலத்தை மட்டும் அவளிடம் கொடுக்காமல் நானே உழுதேன். பார்த்தால் உனக்குக் கண்ணீர் வரும், அவ்வளவு கறுப்பு.

பிறகு ஜூன் மழை வந்தது. ஒரே சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. அந்தக் கறுப்பில் ஒரு பகுதி எழுந்து, சரிவில் இறங்கி, வேலியைத் தாண்டி, மார்லிசின் தக்காளிப் பாத்திக்குள் வந்து கணுக்கால் ஆழத்துக்கு உட்கார்ந்துவிட்டது. இதற்கு மேல்தான் வேடிக்கை. அடுத்தவர் நிலத்து மண் நம் இடத்துக்குள் வந்துவிட்டால் வாரியத்தில் புகார் கொடுக்கலாம், கமிஷனர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று சட்டம். தோட்டம் மார்லிஸ் பெயரில், நிலம் என் பெயரில். என் பெண்டாட்டி என் மேல் என்னிடமே புகார் கொடுத்தாள்! ஜோலீன் ஜீப்பில் வந்து இறங்க, நான் பின்வாசல் வழியாக வெளியே போய், சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, கதவைத் தட்டினேன். "கமிஷனர் சார், உள்ள வாங்க. காலைத் துடைச்சிட்டு வாங்க. அந்தச் சேறு எங்க வீட்டுக்காரரோடது" என்றாள் மார்லிஸ். ஜோலீன் சிரிப்பை அடக்க முடியாமல் ஜீப்புக்கே திரும்பிப் போய்விட்டாள். டார்சி நிலத்திலிருந்து வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது என்று ஜோலீன் குறித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மழை குறைவாகப் பெய்திருக்கும் என்று நான் சொன்னேன். நடுவில் ஒரு மண் ரோடுதான் இருக்கிறது, இருந்தாலும் சொன்னேன்.

இனி ஜட்டி விஷயம். இதை யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். புது வெள்ளைப் பருத்தி ஜட்டியை நிலத்தில் புதைத்து, இரண்டு மாசம் கழித்துத் தோண்டிப் பார்ப்பது என்று மண்ணாபீசில் ஒரு சோதனை. "மண்ணுல உயிர் இருந்தா பருத்தியத் தின்னுரும் அண்ணே. இல்லன்னா துவைச்சுப் போட்டுக்கலாம்" என்றாள் ஜோலீன். புதுக் கமிஷனர்தான் முன்மாதிரியாகக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டது நான் ஒருத்தன்தான். ஒன்று டார்சியின் சோயாவுக்குள், ஒன்று என் நிலத்தில். நான் அலமாரியிலிருந்து பார்க்காமல் எடுத்துக் கொடுத்துத் தொலைத்தேன். முழங்கால் ஆபரேஷனுக்காக வாங்கி, ஆஸ்பத்திரி சலவையில் காணாமல் போகக்கூடாது என்று மார்லிஸ் அழியாத மையில் பெரிதாக 'ஆர்லோ' என்று எழுதி வைத்த ஜோடி அது!

போன சனிக்கிழமை மண்ணாபீசின் வயல் விழா. பன்றிக்கறி சாண்ட்விச், வேகவைத்த சோளம், மார்லிஸ் சுட்ட ருபார்ப் இனிப்பு, பாதிரியார் உட்பட ஊரே வந்திருந்தது. டார்சி நிலத்தில் தோண்டினார்கள். இடுப்பு எலாஸ்டிக் ஒன்று வந்தது, அதில் நாலு நூல் தொங்கியது, கூடவே விரல் கனத்துக்கு மண்புழு. அவ்வளவுதான், மீதியைக் காணோம். பிறகு என் நிலம். மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. வெளியே வந்தது, அக்கா, மடித்து வைத்தது மடித்து வைத்தபடி ஒரு முழு ஜட்டி. ஜோலீன் அதை இரண்டு விரலால் தூக்கி விரித்துக் காட்டினாள், பெயர் ஊருக்கே தெரிந்தது. "கமிஷனர், இன்னும் பத்து வருசம் உழைக்கும், போட்டுக்கோப்பா!" என்று யாரோ கத்தினார்கள். என் மானம் கப்பலேறியது. ரோஜர் மட்டும் சிரிக்கவில்லை. டார்சியின் குழிக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தான். டார்சி என்னிடம் வந்து, "விடுங்கப்பா, மையாவது நல்ல மை" என்றாள். அன்று ராத்திரி படுக்கையில் கிடந்து, நாற்பது வருஷம் நான் பெருமையாகப் பார்த்த அந்தக் கறுப்பு, செத்த உடம்பின் கறுப்பா என்று யோசித்தேன். உடனே, ஒரு துணியை வைத்தா நிலத்தை எடைபோடுவது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒரு குடும்பம் எத்தனை அவமானம் தாங்கும்? ரோஜரிடம் கொடுத்துவிட்டால் நிலம் மறுபடி கறுப்பாகும், நானும் தலை நிமிர்ந்து காப்பி குடிக்கலாம்.

ஆகையால் நோட்டீஸ் இத்துடன் இருக்கிறது. அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம், அவர்கள் நல்ல மழையும் நல்ல மனுஷரும் வாய்த்து வாழட்டும். மார்லிஸ் உன்னைக் கட்டிக்கொண்டதாக எழுதச் சொன்னாள்.

உன் சொல் தட்டாத தம்பி,
ஆர்லோ

பி.கு.: உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு ரோட்டோரத் தபால் பெட்டிக்குப் போனேன். எதிரே கிழக்கு நிலத்தில், பயிருக்கு மேலே நெட்டைக்காலில் நடக்குமே, மண்ணாபீஸ் வாடகைக்குத் தருகிற விதைப்பு யந்திரம், அது போய்க்கொண்டிருந்தது. மேலே டார்சி. சோயா இன்னும் நிற்கும்போதே இடையில் ரை தூவிக்கொண்டிருந்தாள். கை காட்டி நிறுத்தினேன். "அத்தை நோட்டீஸ் அனுப்பப் போறாம்மா" என்றேன். "தெரியும்ப்பா. காப்பிக் கும்பல்ல போன மாசமே பேசிட்டாங்க" என்றாள். "தெரிஞ்சுமா விதைக்கிறே? உனக்குக் குத்தகை மார்ச்சோட சரி. அடுத்து வர்றவன் மொத வேலையா உழுதுடுவான்" என்றேன். அவள் என்னைக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "மார்ச் வரைக்கும் காத்து அடிக்குமேப்பா. பனி உருகி ஓடுமே. யாரு குத்தகைன்னு பாத்தா ஓடும்?" என்றாள். அத்தைக்குத் தன் அன்பைச் சொல்லச் சொல்லிவிட்டு மறுபடி ஏறிப் போய்விட்டாள்.

நான் ரோட்டோரப் பள்ளத்தில் உட்கார்ந்து அழுதேன் அக்கா. எனக்கு எழுபது வயது. கைவிட்டுப் போகப்போகிற மண்ணுக்கு ஒரு போர்வை போர்த்திவிட எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

உறையைப் பிரித்து நோட்டீசைக் கிழித்துவிட்டேன். இரண்டு கையெழுத்து வேண்டும் என்று நீதான் எழுதியிருந்தாய், என்னுடையது கிடையாது. திட்ட வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை போன் செய், வீட்டில்தான் இருப்பேன். மேற்கு நிலத்தையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். அதிலும் ரை தூவ யந்திரத்தை இன்னும் இரண்டு நாள் தரும்படி ஜோலீனைக் கேட்டேன். கமிஷனர் என்றெல்லாம் சலுகை கிடையாது, வரிசையில் வாங்க என்றுவிட்டாள். டார்சிக்கு அடுத்து யந்திரம் ரோஜர் ஹுல்ஷாஃபுக்காம். காப்பிக் கும்பலிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டானாம், நீயும் யாரிடமும் சொல்லாதே.