மேல்தளத்துப் பெட்டிக் காவலர்

விமானத்தை நம்புகிற மனிதர்கள் உலகத்தில் ஏராளம். ஓட்டுகிறவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். முப்பதாயிரம் அடி உயரத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். அதே மனிதர்கள் தரையிறங்கி, ஊருக்குள் போகிற விரைவுப் பஸ்ஸில் ஏறி, பெட்டியைக் கீழ்த்தளத்து அடுக்கில் வைத்துவிட்டு மேல்தளத்தில் வந்து உட்கார்ந்த மறுகணம் இந்தப் பூமியில் ஒருவரையும் நம்பாதவர்களாக மாறிவிடுவார்கள். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் பெட்டிக் காவலர்.

பதினோரு வருடமாக இவர்களைக் கவனித்து வருகிறேன். ஹாங்காங் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் எனக்கு வேலை. வீடு ஹுங் ஹாமில். வேலை முடிந்ததும் இந்தப் பஸ்தான். கையில் ஒரு குடை, ஒரு காலி டப்பா. ஆகவே வேடிக்கை பார்க்க எனக்குத் தாராளமாக நேரம் உண்டு.

மேல்தளத்தின் முன்பக்கம், கூரையிலிருந்து ஒரு சின்னத் திரை தொங்கும். கீழே பெட்டி அடுக்குக்கு மேலே இருக்கிற கேமரா எதைப் பார்க்கிறதோ அதை இந்தத் திரை காட்டும். பயணிகள் நிம்மதியாக ஊர் பார்த்துக்கொண்டு போகட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் மாட்டிய திரை. நிம்மதியா? அன்றிலிருந்து ஒருவரும் ஊர் பார்க்கவில்லை!

காவலர் பஸ் ஏறுகிற அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் அடுக்கின் முன்னால் நின்று, மனை வாங்க வந்தவர் மாதிரி இடம் பார்ப்பார். கதவோரம் ஆகாது, திருடனுக்குச் சௌகரியம். மேல்தட்டு ஆகாது, வளைவில் விழுந்துவிடும். கடைசியில் உள்மூலையில், கைப்பிடி சுவரைப் பார்த்தபடி பெட்டியைச் செருகி, அதை ஒரு தட்டுத் தட்டி, அதில் கட்டிய சிவப்பு நாடாவை இழுத்துப் பார்த்து, நாலு படி ஏறி, திரும்ப இறங்கி வந்து இன்னொரு தரம் தட்டி, செல்போனில் ஒரு படமும் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் மேலே வருவார். சிவப்பு நாடா எதற்கு? அடையாளத்துக்கு. அடுக்கில் பதினெட்டுப் பெட்டி இருந்தால் பதினொன்றில் சிவப்பு நாடா.

மேலே வந்தால் திரை தெரிகிற இருக்கை வேண்டும். ஜன்னல் தெரிகிற இருக்கையைக் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார், தியாகி. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் பாதி எழுந்திருப்பார். முழுக்க எழுந்தால் அநாகரிகம், உட்கார்ந்தே இருந்தால் ஆபத்து. ஆகவே இருக்கையைவிட்டு நாலு விரற்கடை உயர்ந்து, தொடை நடுங்க, முன் கம்பியைப் பிடித்தபடி, கதவு மூடுகிறவரை அந்தரத்தில் நிற்பார். பூங்காவில் நாற்பது வருடம் தாய்ச்சி பழகிய கிழவர்களுக்குக்கூட அந்த நிலை கைவராது.

இவர்களுக்கென்று ஒரு வாக்கியமும் இருக்கிறது. “நான் யாரையும் சந்தேகப்படுற ஆளில்ல.” இந்த வாக்கியம் அந்த இடத்தில் முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. “ஆனா, அந்த நீலச் சட்டைக்காரன் எதுக்கு ரெண்டு தரம் குனியுறான்?”

நீலச் சட்டைக்காரர் தன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு ரெண்டு கால், ஆகவே ரெண்டு தரம்.

இந்த இனத்தின் மாணிக்கம் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் கட்டடத்துக் காவலாளி மாக் சிங்-தோங்கைத்தான் சொல்வேன். வயது ஐம்பத்தெட்டு. தங்கமான மனிதர். தரைத்தளத்தில் ஒன்பது திரைகளுக்கு முன்னால் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். லிஃப்டில் ஒரு திரை, மாடிப்படியில் ஒரு திரை, குப்பை அறையில் ஒரு திரை. பத்தொன்பது வருடத்தில் அவர் கண்டுபிடித்த பெரிய குற்றம், பதினான்காம் மாடி சுங் ஐயா லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்துப் பாடுகிறார் என்பதுதான். ஒரு திருட்டு இல்லை. கட்டடத்துக்கு அது நல்லதுதான். ஆனால் மாக்கின் மனது என்ன பாடுபட்டிருக்கும்?

சென்ற இலையுதிர் காலத்தில் மாக்கும் அவர் மனைவி யூக்-பிங்கும் தைவானில் இருக்கிற தைச்சுங் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இருவரும் சேர்ந்து விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்த சாயங்காலம் அவர்கள் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன். மேல்தளத்தில் அவர்களுக்குப் பின் இருக்கை எனக்கு.

யூக்-பிங் அக்கா என்னைப் பார்த்ததும் செல்போனை நீட்டினார். “தம்பி, இந்தப் படங்களைப் பாரு. இது ஏரி. இது கோயில். இது ராத்திரிச் சந்தை. எதுலயாவது உங்க அண்ணன் மூஞ்சி தெரியுதா?”

பார்த்தேன். எல்லாப் படத்திலும் மாக் இடது பக்கம் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, படத்தின் ஓரத்தில், வெள்ளி நிறத்தில் ஒரு பெட்டியின் மூலை.

“ராத்திரிச் சந்தைக்கும் பெட்டியை எடுத்துட்டுப் போனீங்களாண்ணே?”

“ஓட்டல் ரூம் சாவி வேற யார்கிட்டயும் இருக்காதுன்னு என்ன நிச்சயம்?” என்றார் மாக், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் யாரையும் சந்தேகப்படுற ஆளில்ல. ஆனா…”

“பெட்டிக்குள்ள என்னக்கா?”

“அஞ்சு நாள் அழுக்குத் துணி, ரெண்டு டப்பா அன்னாசிக் கேக், ஓட்டல்லருந்து இவரு எடுத்துட்டு வந்த சோப்பு” என்றார் அக்கா. பிறகு கணவர் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. “ஏங்க. இப்பப் பாலம் வரும். சூரியன் எறங்குற நேரம். இருபத்தாறு வருஷத்துக்கு ஒரு தரம் கேக்குறேன். பாலம் தாண்டுற வரைக்கும் கடலைப் பாருங்க, இல்ல என் மூஞ்சியைப் பாருங்க. அந்தத் திரையைப் பாத்தீங்க, அடுத்த வருஷம் நான் எந் தங்கச்சியோட ஊர் சுத்தக் கெளம்பிடுவேன். வெளையாட்டில்ல.”

“சரி, சரி” என்றார் மாக்.

சிங் மா பாலம் வந்தது. கடல் முழுக்கச் செம்பு உருக்கி ஊற்றின மாதிரி ஜொலித்தது. கீழே கப்பல்கள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. மேல்தளத்திலிருந்த ஒரு குழந்தை “ஓ” என்று கத்தியது. மாக் கழுத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். சத்தியமாகத் திருப்பினார், ஒரு மனிதனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பாடுபட்டார், நெற்றி வேர்த்தது, தாடை இறுகியது. ஆனால் கழுத்து ஜன்னல் பக்கம் போகப் போக, கருவிழி இரண்டும் மெதுவாக எதிர்த்திசையில் நகர்ந்துபோய்க் கண்ணின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டன.

“மாக் சிங்-தோங்!” என்றார் அக்கா. எங்கள் ஊரில் மனைவி முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

“ஒரு நொடிதான் பாத்தேன்!”

“போதும். தங்கச்சிக்கு இப்பவே செய்தி அனுப்புறேன்.”

அனுப்பினார். தங்கை உடனே எட்டுச் சிரிப்புப் பொம்மை பதில் அனுப்பினாள்.

மோங் கோக்கில் பஸ் நின்றது. மாக் வழக்கப்படி நாலு விரற்கடை உயர்ந்தார். திரையில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் குனிந்தாள், உள்மூலையிலிருந்து வெள்ளி நிறப் பெட்டி ஒன்றை இழுத்தாள். சிவப்பு நாடா.

பத்தொன்பது வருடம்! ஒன்பது திரை! கடைசியில் ஒரு திருட்டு!

“நம்ம பெட்டி!” என்று மாக் போட்ட சத்தத்தில் முன் இருக்கைக் கொழுத்த ஆசாமி மீன் உருண்டையை விழுங்கிவிட்டார். செல்போனை இருக்கையில் போட்டுவிட்டு, இரண்டு குழந்தைகளையும் ஒரு குடையையும் தாண்டி, மாக் மாடிப்படியில் பாய்ந்தார். அடுத்த கணம் அவர் திரையில் வந்தார். மேல்தளமே நிமிர்ந்து பார்த்தது. திரையில் ஒரு சின்ன, மங்கலான மாக், கையை ஆட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக வெளியே குதித்தார்.

கதவு மூடியது. பஸ் கிளம்பியது.

திரையில், உள்மூலையில், மஞ்சள் தொப்பிப் பெண்ணின் பெட்டி போன பிறகு அதன் பின்னாலிருந்த இன்னொரு பெட்டி தெரிந்தது. வெள்ளி நிறம். சிவப்பு நாடா. கைப்பிடி சுவரைப் பார்த்தபடி.

எல்லாத் தலைகளும் அக்கா பக்கம் திரும்பின.

“யாரும்மா அந்தப் பெரியவரு?” என்றார் மீன் உருண்டைக்காரர்.

“எங்க வீட்டுக்காரரு.”

“எங்க எறங்கணும்?”

“கடைசி நிறுத்தம்.”

முதலில் சிரித்தது அக்காதான். பிறகு பஸ்ஸே சிரித்தது. நான் எழுந்தேன். “டிரைவர்கிட்டச் சொல்லவாக்கா?”

“எதுக்கு? பெட்டிதான் பத்திரமா இருக்கே” என்றார் அவர். எழுந்துபோய் முன் கண்ணாடிக்கு எதிரில் காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, நேதன் சாலையின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பிறகு மோங் கோக்கில் நடந்ததை மாக்கே எனக்குச் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டதை, பின்னால் சந்தித்தபோது அந்த மஞ்சள் தொப்பிப் பெண்ணே சொன்னாள்.

அவள் பெயர் லாய் சூக்-யி. கூட்டத்துக்குள் பெட்டியை உருட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள். மாக் பழக்கடைகளுக்கு நடுவில் துரத்திக்கொண்டு ஓடி, பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

“யாரு மாமா நீங்க? விடுங்க!”

“எம் பெட்டிம்மா. நான் யாரையும் சந்தேகப்படுற ஆளில்ல. ஆனா தெற.”

“நடுத்தெருவுலயா?”

“தெற!”

கூட்டம் கூடிவிட்டது. சூக்-யி இடுப்பில் கை வைத்தாள். “சரி, தெறக்குறேன். உங்க பெட்டின்னா நீங்க எடுத்துட்டுப் போங்க. எம் பெட்டின்னா, எங்க வீடு வரைக்கும் நீங்கதான் தூக்கிட்டு வரணும். சம்மதமா?”

“சம்மதம்!” என்றார் மாக். இந்த இனத்துக்குத் தன் பெட்டியைப் பற்றி மட்டும் சந்தேகமே வராது.

பெட்டி திறந்தது. மேலே நாலு காலுறை. கீழே இரும்பு. குழி குழியாக, கனமான இரும்புச் சட்டிகள், ஏழு. சூக்-யி ஆக்டோபஸ் உருண்டைக் கடை போடப் போகிறாள். அதற்காக ஒசாகா வரை போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியவை.

“இது உங்க பெட்டியா பெரியவரே?” என்றாள் பழக்கடைக்காரி. “வீட்டுல ரொம்பப் பெரிய குடும்பமோ?”

மாக்கின் முகம் கடையில் அடுக்கியிருந்த டிராகன் பழத்தைத் தோற்கடித்தது. ஆனால் சொன்ன சொல் தவறுகிறவர் இல்லை. பெட்டியை மூடித் தூக்கினார். அவள் வீடு ஆறாம் மாடி.

“லிஃப்ட் எங்கம்மா?”

“இந்தக் கட்டடத்துக்கு அறுபது வயசு மாமா. லிஃப்ட் கண்டுபிடிச்ச சேதி இன்னும் இங்க வந்து சேரல.”

இரண்டாம் மாடியில் அவர் சாமியைக் கூப்பிட்டார். நான்காம் மாடியில் சாமியைத் திட்டினார். ஆறாம் மாடியில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சூக்-யி பயந்துபோய் மூன்று தம்ளர் தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டு, “கடை தெறக்குற அன்னிக்கு வாங்க மாமா, முதல் தட்டு உங்களுக்குத்தான்” என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று மாக் என்னிடம் சொன்னார்.

கீழே வந்து அடுத்த பஸ் பிடித்தார். அவர் ஆயுளில் முதல்முறையாகக் கையில் ஒன்றுமில்லாமல் மேல்தளம் ஏறினார். காவல் காக்க எதுவுமில்லை. ஜன்னல் முழுக்க ஊர். என்ன பார்த்திருப்பார்?

திரையைத்தான் பார்த்தார். அதுமட்டுமா? ஒரு கொரியத் தம்பதியைத் தட்டிக் கூப்பிட்டு, அவர்களுடைய பச்சைப் பெட்டி இடப்பக்கம் சாய்வதாக ஜாடையில் எச்சரிக்கையும் செய்தாராம்.

கடைசி நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு தேநீர்க் கடை. பெட்டியைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வெண்ணெய் வைத்த பன்னும் பால் தேநீருமாக அக்கா வீற்றிருந்தார். துணைக்கு நான். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, சட்டை முதுகோடு ஒட்ட, மாக் உள்ளே வந்தார். முதலில் பெட்டியைப் பார்த்தார். பிறகு, தப்பை உணர்ந்து அவசரமாக மனைவியைப் பார்த்தார்.

“எங்க போயிட்டு வர்றீங்க?”

“ஆறாம் மாடிக்கு.”

அக்கா பன்னில் பாதியைப் பிய்த்து அவர் முன்னால் வைத்தார். அவர் தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு சொன்னார்: “தங்கச்சி டிக்கெட் பாத்துட்டா. ஏப்ரல்ல நாங்க ரெண்டு பேரும் கெளம்புறோம்.”

மாக் தலை குனிந்தார். உண்மையாகவே வருந்தினார், கண்கூடக் கலங்கியது. “போயிட்டு வா” என்றார். கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. “பெட்டியை யாரு பாத்துப்பா?”

“நான் தோள்பையோட போறேன். பெட்டியை உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன். பத்திரமாப் பாத்துக்குங்க.”

ஏப்ரலில் அப்படியே போனார். தங்கையோடு எடுத்த அறுபது படம் அனுப்பினார். எல்லாவற்றிலும் இரண்டு முகம், இரண்டும் நேராக. மாக் அதைக் கட்டடத்தில் எல்லாரிடமும் காட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாம் அப்படியெல்லாம் இல்லை, நாலு இடம் போய் வந்தவர்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ரயிலில் எதிரே இருப்பவரிடம் “சாமானைக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய், யாரிடம் சொல்லிவிட்டு வந்தோமோ அந்த ஆளையே சந்தேகப்பட்டுப் பாதியில் எழுந்து வந்ததில்லையா? ஓட்டலில் நாற்காலிக் காலுக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் பையின் வாரை மாட்டிக்கொண்டு, எதிரே இருப்பவர் சொன்ன கதைக்கு இடம் தெரியாமல் சிரித்ததில்லையா? இல்லை என்கிறீர்கள். மிகவும் மகிழ்ச்சி, நான் யாரையும் சந்தேகப்படுகிற ஆளில்லை.

ஆனால், இவ்வளவு நேரமாகத் தலையை நிமிர்த்தாமல் இதைப் படித்துக்கொண்டிருந்தீர்களே, உங்கள் பை எங்கே?