தென்னேரி நிலத்தில் பாவு போட்ட கதை

மதிப்பிற்குரிய மைத்துனர் குமரகுருவுக்கு, பிள்ளையார்பாளையத்திலிருந்து அக்காள் கணவன் கலியாணசுந்தரம் எழுதுவது. நானும் உங்கள் அக்காள் ஏலவார்குழலியும் சுகம். நீங்கள் மஸ்கட் வெயிலில் உழைத்து வாங்கி, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன தென்னேரி நிலமும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள், அதனால் கடிதம்.

போன வாரம் வேல்முருகன் என்கிற காண்ட்ராக்டர் சவுடு மண் எடுக்கப் பர்மிட்டோடும் ஜேசிபியோடும் வந்து நின்றான். நான் பட்டாவைக் காட்டினால் அவன் பர்மிட்டைக் காட்டுகிறான். "மேல இருக்கிற நிலம் உங்களுது பெரியவரே, கீழ இருக்கிற மண்ணு கவர்மென்டுது" என்றான். "அப்போ மேல இருக்கிறதைத் தொடாம கீழ இருக்கிறதை எடுத்துக்கினு போப்பா" என்றேன். பாவம், கொஞ்ச நேரம் யோசித்துக்கூடப் பார்த்தான். தாலுகா ஆபீசுக்கு ஓடினோம். வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்து அளந்தால்தான் நியாயம் யார் பக்கம் என்று தெரியுமாம். அதுவரைக்கும் ஜேசிபி என்ன விரதமா இருக்கும்?

உங்க அக்காதான் மூளைக்காரி. தெருவில் தறிக்கு ஏத்துற பாவு நூலை நீட்டியிருந்தால் நம்ம நெசவுக்கார ஆளுங்க யாராவது தாண்டுவாங்களா? மறுநாள் விடிந்ததும் பட்டுப் பாவை ஆட்டோவில் ஏத்திக்கினு போய், வரப்புக்கு வரப்பு கழி நட்டு நீட்டி, பயபக்தியாகக் கஞ்சி தடவ ஆரம்பித்தோம். ஜேசிபி டிரைவர் முத்துக்குமார் நம்ம பக்கத்துத் தெரு தறிக்காரர் பிள்ளை. பார்த்ததும் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டான். "ஓனர், பாவு மேல வண்டி ஏத்தினா எங்கம்மா சோறு போடாது" என்றான். காண்ட்ராக்டர் தலையிலேயே அடித்துக்கொண்டான். எனக்கே மனசு கேட்கவில்லை, வந்த மனுஷன் வெறுங்கையோடு போகலாமா? பக்கத்தில் பயிர் வைக்காமல் கிடந்த கரம்பைக் காட்டி, "அது யாருதோ, கேக்க நாதியில்ல, அங்க தோண்டிக்கோப்பா" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டான். அன்றிலிருந்து லாரி லாரியாகப் போகிறது. உங்கள் நிலத்தில் ஒரு பிடி மண் குறையவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.

ஏகாம்பரநாதரும் காமாட்சியம்மனும் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பொறுமையும் தரட்டும்.

இப்படிக்கு,
கலியாணசுந்தரம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சர்வேயர் வந்து அளந்துவிட்டார். நாங்கள் பாவு போட்டுக் காத்தது ஏரிப் புறம்போக்காம். காண்ட்ராக்டரின் பர்மிட் அதற்குத்தானாம். உங்களுடையது பக்கத்துக் கரம்பு. புரோக்கர் அன்றைக்குக் கைகாட்டியபோது நான்தான் ஒரு நிலம் தள்ளிப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. நேற்று இங்கே நல்ல மழை. பொங்கலுக்கு வரும்போது பிள்ளைகளுக்கு நீச்சல் உடுப்பு எடுத்து வரவும்.