மைத்துனன் விழுங்கிய என் மாத்திரை

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு விஞ்ஞானப் பரிசோதனைதான் செய்திருக்கிறேன். அதை என் மனைவியின் தம்பி கோதண்டத்தின் வயிற்றில் செய்தேன். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முடிவுகளை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது யுத்த காலம். நான் பி.ஏ. தேறி, அம்பத்தூரில் ரேஷன் கிடங்குக் குமாஸ்தாவாக இருந்தேன். தொந்தி வைத்திருப்பது எந்த நாளிலும் குற்றமில்லை. ஊரே அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது, அரிசிக் கிடங்கில் உட்கார்ந்துகொண்டு தொந்தி வைத்திருப்பதுதான் குற்றம். (என் தொந்தி யுத்தத்துக்கு முன்பே முளைத்தது. அதற்கு யாரைச் சாட்சிக்கு அழைப்பது?) அரிசி வரவில்லை என்று சொன்னால் எல்லோரும் என் சட்டைப் பொத்தானைப் பார்ப்பார்கள். கீரை விற்கும் முனியம்மா வாய்விட்டே கேட்பாள்:

"மூட்ட வர்லன்றியே அண்ணாத்தே, அத்த சொக்காக்குள்ள வச்சிகினுதானே சொல்ற?"

வரிசை சிரிக்கும். மானம் போகக் கூடாதென்று நானும் சிரிப்பேன். பொத்தான் தெறிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். பட்டினி வேண்டாம், தேகப்பயிற்சி வேண்டாம், மாத்திரை போட்டால் உடம்பு மெலியும். எழுதிப் போட்டேன். பம்பாயிலிருந்து தபாலில் ஒரு குப்பி வந்தது. உள்ளே ஆட்டுப் புழுக்கை மாதிரி கறுப்பு மாத்திரைகள். குப்பியின் மேல் 'அபாயமற்றது' என்று இங்கிலீஷில் மூன்று இடங்களில் அச்சடித்திருந்தது. ஒரு இடத்தில் போட்டிருந்தால் நம்பியிருப்பேன். மூன்று இடத்தில் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

கோதண்டம் அப்போது எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். மூங்கில் குச்சிக்கு வேட்டி கட்டிவிட்டது போல இருப்பான். ஆவடியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். பத்து நாளில் தேர்வு. குறைந்தது நூறு ராத்தல் (இன்றைய கணக்கில் நாற்பத்தைந்து கிலோ) எடை வேண்டும். மூட்டை நிறுக்கும் தராசில் அவனை ஏற்றிப் பார்த்தேன். நூற்றிரண்டு. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருந்த அவன் அம்மாவும் இரண்டு தங்கைகளும் அந்த இரண்டு ராத்தலை நம்பித்தான் உலை வைக்கக் காத்திருந்தார்கள்.

"மாமா, நீங்க படிச்சவரு. ஒடம்பு இன்னும் கொஞ்சம் ஏற எதனா மருந்து கீதா?"

என் வாயிலிருந்து வந்த பதிலை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"இருக்குடா. பம்பாய் சத்து மாத்திரை. வேளைக்கு ஒண்ணு போடு."

மருந்துகளை முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று கல்லூரியில் கேட்டிருந்தேன். (எலி பிடிப்பது கஷ்டம். மைத்துனன் கூப்பிட்டால் வருவான்.) ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்தேன். முதல் நாள்: நான்கு முறை. இரண்டாம் நாள்: ஒன்பது. மூன்றாம் நாள் கொல்லைக் கதவு மூடவே இல்லை, எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"இன்னா மாமா, சத்து ஏறுதா, எறங்குதா?"

"பழைய அழுக்கு போனாத்தான்டா புதுச் சத்து ஒட்டும்."

என் மனைவி கன்னியம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "துன்ன கை காயறதுக்குள்ள ஓடறான். இன்னாத்தக் குடுத்தீங்க அவனுக்கு?"

"நம்மூர்த் தண்ணி ஒத்துக்கலை" என்றேன்.

ஐந்தாம் நாள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். அவன் நிறுத்தவில்லை. மாமா ஆசையாக வாங்கித் தந்தது வீணாகக் கூடாதென்று, எனக்குத் தெரியாமல் இரண்டிரண்டாக விழுங்கியிருக்கிறான்.

தேர்வன்று ஆவடிக்கு ரயிலில் போகவில்லை. வழியில் புதர் உண்டு, ரயிலில் கிடையாது என்பதால் நடந்தே போனோம். நடந்ததில் இன்னும் அரை ராத்தல் கரைந்திருக்கும். அதுவும் என் யோசனைதான்.

"தொண்ணூத்தாறு. அடுத்த ஆள்" என்றார் டாக்டர்.

கோதண்டம் தராசை விட்டு இறங்கவில்லை. "சார், இன்னும் ஏறும் சார். சத்து மாத்திரை துன்னுகினு கீறேன் சார்" என்று மடியிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினான்.

டாக்டர் படித்தார். "யார் குடுத்தது?"

"எங்க மாமா சார். பி.ஏ.!" என்று பெருமையோடு என்னைக் காட்டினான்.

டாக்டர் குப்பியைப் பார்த்தார். என் தொந்தியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இது உடம்பு இளைக்கிற மாத்திரை. நீங்க எத்தனை சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலை சார்."

"ஏன்?"

"பயமா இருந்தது."

வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கோதண்டம் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான்.

"இது வெறும் பேதி மருந்து" என்றார் டாக்டர். "கொழுப்பு துளி கரையாது. போறதெல்லாம் தண்ணி, குடிச்சா திரும்பி வந்துடும். நெஞ்சு படபடன்னு அடிச்சு ஆளையே சாய்க்கிற சரக்கைப் போட்டும் விக்கிறாங்க. குப்பியைப் பார்த்து எது எதுன்னு சொல்ல முடியாது. பையன் பிழைச்சது அதிர்ஷ்டம்." பிறகு கோதண்டத்திடம், "நல்லா சாப்பிட்டு அடுத்த வாரம் வா" என்றார்.

திரும்பும் வழியில் திருமுல்லைவாயில் வரைக்கும் அவன் எனக்கு முன்னால் நடந்தான். பிறகு நின்றான்.

"நான் செத்திருந்தா அக்காகிட்ட இன்னா சொல்லியிருப்பீங்க மாமா?"

அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "தண்ணி ஒத்துக்கலைன்னு சொல்லியிருப்பேன்டா."

முறைத்தான். அப்புறம் சாலையோரத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குத்தான் அழுகை வந்தது.

தண்டனையைக் கன்னியம்மா விதித்தாள். என் பங்கு அரிசிச் சோறு முழுவதும் தம்பிக்கு. எனக்குக் கேழ்வரகுக் கூழும் முனியம்மாவின் கீரையும். அடுத்த வாரம் கோதண்டம் நூற்றொன்று நின்றான். வேலை கிடைத்தது. தண்டனை மட்டும் யுத்தம் முடியும்வரை நீடித்தது. மாத்திரை செய்யாததைக் கூழ் செய்தது.

"இன்னா அண்ணாத்தே, சொக்கா காலியா கீது? மூட்ட வந்துட்ச்சா?" என்றாள் முனியம்மா.

கோதண்டத்துக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. தினமும் வந்துவிடுவான். ரத்த அழுத்தத்துக்குக் கன்னியம்மா எனக்கு மாத்திரை எடுத்து வரும்போதெல்லாம், பேரன் பேத்திகள் பார்க்கக் கையை நீட்டுவான்.

"இங்க குடுக்கா, மொதல்ல நான் முழுங்கிப் பாக்கறேன். உசுரோட இருந்தா மாமாவுக்குக் குடு."

வீடு அதிரும். அவன் கை எட்டுவதற்குள் நான் மாத்திரையைப் பறித்து, தண்ணீருக்குக்கூடக் காத்திராமல், விழுங்கிவிடுகிறேன்.